ஆர்பிஜி புரொசீஜர் யார் கண்ணுக்குத் தெரியும்? எக்ஸ்போர்ட் எங்கே போட வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது, ஐபிஎம் ஐ கணினிகளில் ஓடும் ஆர்பிஜி மொழி பற்றியது: பில் போடும் மாட்யூல் (தனியாக கம்பைல் ஆகும் பகுதி) ஒன்று, வரி கணக்கிடும் மாட்யூல் ஒன்று. வரி மாட்யூலில் கெட்ரேட் என்று ஒரு புரொசீஜர் (பெயர் சொல்லிக் கூப்பிடும் சிறு பகுதி) இருக்கிறது. அதன் ப்ரோட்டோடைப்பை (அதை எப்படி அழைப்பது என்ற அறிவிப்பை) காப்பி மெம்பரில் (பல மாட்யூல்களில் சேர்க்கும் பொது சோர்ஸில்) வைத்து பில் மாட்யூலில் சேர்த்தாயிற்று. இரண்டும் தனித்தனியாக கம்பைல் ஆகின்றன. ஆனால் சேர்த்துப் புரோகிராம் உருவாக்கும்போது "டெஃபினிஷன் நாட் ஃபவுண்ட்" என்று வருகிறது. எக்ஸ்போர்ட் என்ற சொல்லைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. பிறகு எதற்கு வம்பு என்று எல்லாப் புரொசீஜருக்கும் எக்ஸ்போர்ட் போட்டதில், இரண்டு மாட்யூலிலும் இருக்கிற ரவுண்ட்அமவுண்ட் என்ற புரொசீஜருக்காக வேறொரு பிழை வருகிறது. எதற்குப் போட வேண்டும், எதற்குப் போடக் கூடாது?

முதலில் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், இது பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பிழை வந்தவுடன், புகார் சொல்வது யார் என்று பாருங்கள். ஆர்என்எஃப்7030, அதாவது இந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை என்று வந்தால், பேசுவது கம்பைலர். சிபிடி5டி02 (டெஃபினிஷன் கிடைக்கவில்லை) அல்லது சிபிடி5டி03 (ஒரே பெயருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட டெஃபினிஷன்) என்று வந்தால், பேசுவது பைண்டர், அதாவது மாட்யூல்களைச் சேர்த்துப் புரோகிராமாக்குவது. எம்சிஎச்4431 என்று வந்தால் அது ஓடும் நேரத்தில் வரும் சிக்னேச்சர் சண்டை (சிக்னேச்சர் என்பது சர்வீஸ் புரோகிராம், அதாவது பல புரோகிராம்கள் பகிரும் புரொசீஜர் தொகுப்பு, வெளியே காட்டும் பட்டியலின் அடையாளம்). மூன்று பேரும் ஒரே புரொசீஜரைத்தான் தேடுகிறார்கள், ஆனால் தேடும் இடம் வேறு. கம்பைலர் சோர்ஸுக்குள்ளே தேடுகிறது. பைண்டர் மாட்யூல்கள் வெளியே நீட்டுகிற பெயர்களில் தேடுகிறது. ஓடும் நேரத்தில் சர்வீஸ் புரோகிராமின் வாசலில் தேடல் நடக்கிறது. கம்பைலருக்குச் சொல்ல வேண்டியதைப் பைண்டருக்கும், பைண்டருக்குச் சொல்ல வேண்டியதைக் கம்பைலருக்கும் சொல்லிக்கொண்டிருந்தால் பிழை தீராது. உங்களுக்கு நடந்தது அதுதான்.

பழைய ஆர்பிஜியில் வளர்ந்தவர்களுக்கு இது கூடுதலாகக் குழப்பும், அதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. ஆர்பிஜி த்ரீ காலத்தில் சப்ரூட்டீன் மட்டும்தான். எல்லா மாறியும் எல்லோருக்கும் பொது. வெளியே இருப்பதைக் கூப்பிட கால் என்ற ஆப்கோடு, அவ்வளவுதான். 1994-ல் ஆர்பிஜி ஃபோர் வந்தபோதுதான் மாட்யூல், பைண்டிங் எல்லாம் ஆர்பிஜிக்கு வந்தன. சப்புரொசீஜர் அப்போதுகூட இல்லை, அடுத்த வெளியீடுகளில்தான் சேர்ந்தது. "யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது" என்ற கேள்வியே அதுவரை எழுந்ததில்லை.

சரி, உள்ளிருந்து ஆரம்பிப்போம்.

ஒரு சோர்ஸ் மெம்பரை கம்பைல் செய்தால் ஒரு மாட்யூல். அந்த மாட்யூலுக்குள் எழுதிய எல்லாப் புரொசீஜரும் ஒன்றையொன்று தாராளமாகக் கூப்பிடலாம். யார் முன்னால், யார் பின்னால் என்ற வரிசை முக்கியமில்லை. எக்ஸ்போர்ட் தேவையே இல்லை. ஆர்பிஜியில் ஒரு புரொசீஜருக்குள் இன்னொரு புரொசீஜரை வரையறுக்க முடியாது. அதனால் படிகள் இரண்டுதான்: புரொசீஜருக்குள் இருப்பது, மாட்யூல் முழுக்க இருப்பது.

புரொசீஜருக்குள் அறிவித்த மாறி அந்தப் புரொசீஜருக்கு மட்டும். ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாகப் பிறந்து, முடிந்ததும் போய்விடும். ஸ்டேட்டிக் என்று போட்டால் மதிப்பு அடுத்த அழைப்புவரை தங்கும், ஆனால் பெயர் அப்போதும் வெளியே தெரியாது. புரொசீஜர்களுக்கு வெளியே அறிவித்தது அந்த மாட்யூல் முழுவதற்கும் பொது. உள்ளேயும் வெளியேயும் ஒரே பெயர் இருந்தால் உள்ளே இருப்பதுதான் செல்லும், வெளியே இருப்பது மறைந்துவிடும். கம்பைலர் இதைப் பிழையாகச் சொல்லாது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நிஜப் பயன்பாட்டில் நான் பார்த்த மோசமான பிழைகளில் பாதி இங்கேதான் பிறந்தவை. மெயின் பகுதியில் ஐ என்ற மாறியை வைத்து பத்து வரிகளுக்கு லூப் ஓடுகிறது. லூப்பின் நடுவே ஒரு புரொசீஜரைக் கூப்பிடுகிறீர்கள். அந்தப் புரொசீஜரும் தன் லூப்புக்கு ஐ-யைப் பயன்படுத்துகிறது, ஆனால் உள்ளே அறிவிக்கவில்லை. இரண்டும் ஒரே ஐ. திரும்பி வரும்போது மெயின் லூப்பின் எண் மாறியிருக்கும். சில வரிகள் விடுபடும், அல்லது லூப் முடியவே முடியாது. உள்ளே ஒரே ஒரு அறிவிப்பு வரி சேர்த்தால் தீர்ந்துவிடும். இண்டிகேட்டர்களும் (ஆன், ஆஃப் காட்டும் குறிகள்) இதே கதைதான்: 01 முதல் 99 வரை எண் இண்டிகேட்டர்கள் மாட்யூல் முழுக்கப் பொது. வெளியே அறிவித்த ஃபைலின் ஃபீல்டுகளும் அப்படியே. ஃபைலைப் புரொசீஜருக்குள்ளேயே அறிவிக்கும் வசதி வி6ஆர்1 முதல் இருக்கிறது. புதிதாக எழுதும்போது அதைப் பயன்படுத்துங்கள் என்பேன்.

இன்னொன்று. பொது மாறிகளைக் காப்பி மெம்பரில் வைத்து இரண்டு மாட்யூலிலும் சேர்த்துவிட்டு, ஒன்றில் மாற்றியது மற்றதில் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. தெரியாது. காப்பி என்பது எழுத்தைத்தான் படியெடுக்கிறது. ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்படுகிறது. உண்மையிலேயே பகிர வேண்டுமானால் ஒரு மாட்யூலில் எக்ஸ்போர்ட், மற்றதில் இம்போர்ட் என்று மாறிக்கே போடலாம். ஆனால் மதிப்பை பாராமீட்டராக அனுப்புவதே நல்லது. யார் எப்போது மாற்றினார்கள் என்று தேடும் வேலை இருக்காது.

இனி ப்ரோட்டோடைப். இது கம்பைலருக்கு எழுதும் குறிப்பு மட்டுமே: "கெட்ரேட் என்று ஒன்று எங்கோ இருக்கிறது, இத்தனை பாராமீட்டர், இந்த வகை, இதைத் திருப்பித் தரும், நம்பு." கம்பைலர் நம்பிவிடும், எங்கே இருக்கிறது என்று தேடிப் போகாது. அதனால்தான் உங்கள் இரண்டு மாட்யூலும் தனித்தனியாகச் சுத்தமாக கம்பைல் ஆயின. ப்ரோட்டோடைப் எழுதுவதால் ஒரு புரொசீஜர் யாருக்கும் கூடுதலாகத் தெரியப் போவதில்லை. அதேபோல எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு ப்ரோட்டோடைப்பை விட்டால், பைண்டருக்குத் தெரியும், அழைக்கிற மாட்யூலின் கம்பைலருக்குத் தெரியாது. அதே மாட்யூலுக்குள் கூப்பிட முன்பு ப்ரோட்டோடைப் கட்டாயம். 7.1 வெளியீட்டிலிருந்து தேவையில்லை, இன்டர்ஃபேஸ் பகுதி (புரொசீஜருக்குள்ளேயே பாராமீட்டர்களை அறிவிப்பது) மட்டும் போதும்.

அதற்காக, எக்ஸ்போர்ட் ஆகும் புரொசீஜருக்கு, அதை எழுதிய மாட்யூலில் ப்ரோட்டோடைப் வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பைண்டர் பெயரை மட்டும்தான் பொருத்துகிறது. பாராமீட்டர் எத்தனை, என்ன வகை, எவ்வளவு நீளம் என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. காப்பி மெம்பரில் தொகை 9 இலக்கம் 2 தசமம் என்றும், புரொசீஜருக்குள் 7 இலக்கம் 2 தசமம் என்றும் இருந்தால், பேக்டு வடிவில் (ஒரு பைட்டில் இரண்டு இலக்கம், கடைசி அரை பைட்டில் குறி) முதலாவது 5 பைட், இரண்டாவது 4 பைட். பாராமீட்டர் சாதாரணமாக முகவரியாகத்தான் போகும். புரொசீஜர் முதல் 4 பைட்டை மட்டும் படிக்கும். குறி இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இலக்கம் உட்கார்ந்திருக்கும். எம்சிஎச்1202, டெசிமல் டேட்டா எரர். இது அதிர்ஷ்டம்தான், ஏனென்றால் உடனே தெரிந்துவிடுகிறது. தலைகீழாக இருந்தால், புரொசீஜர் பக்கத்து நினைவகத்தில் ஒரு பைட் சேர்த்துப் படிக்கும், எழுதினால் பக்கத்து மாறியைக் கெடுக்கும். பிழை வேறெங்கோ, வேறொரு நாளில் தலைகாட்டும்.

இதற்கு ஒரே காவல், அதே காப்பி மெம்பரை வரையறுக்கும் மாட்யூலிலும் சேர்ப்பது. அப்போது ப்ரோட்டோடைப்பும் இன்டர்ஃபேஸும் ஒரே கம்பைலில் சந்திக்கின்றன, பொருந்தாவிட்டால் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும். மறப்பவர்களுக்காக ரெக்ப்ரெக்ஸ்ப் என்ற கன்ட்ரோல் கீவேர்டு இருக்கிறது. எக்ஸ்போர்ட் ஆகும் புரொசீஜருக்கு ப்ரோட்டோடைப் இல்லாவிட்டால் எச்சரிக்கவோ கம்பைலையே தோற்கடிக்கவோ அதில் சொல்லலாம். உங்கள் சிஸ்டத்தில் இருந்தால் போட்டுவிடுங்கள்.

இப்போது எக்ஸ்போர்ட். "டிசிஎல்-ப்ராக் கெட்ரேட் எக்ஸ்போர்ட்" என்று எழுதினால், மாட்யூல் அந்தப் பெயரைச் சுவருக்கு வெளியே நீட்டுகிறது. எழுதாவிட்டால், அந்தப் பெயர் இருப்பதே பைண்டருக்குத் தெரியாது. உங்கள் முதல் பிழை இதனால்தான். இரண்டாவது பிழையும் இதே விதியின் மறுபக்கம். எக்ஸ்போர்ட் இல்லாத ரவுண்ட்அமவுண்ட் பத்து மாட்யூலில் பத்து விதமாக இருந்தாலும் யாருக்கும் தொல்லையில்லை, ஒவ்வொன்றும் அதனதன் வீட்டுக்குள் இருக்கிறது. இரண்டையும் வெளியே நீட்டியதும் ஒரே பெயரில் இரண்டு பேர் வாசலில் நிற்கிறார்கள், யாரைக் கூப்பிடுவது என்று பைண்டர் கேட்கிறது. புரோகிராம் உருவாக்கும்போது டப்ப்ராக் என்ற ஆப்ஷனைக் கொடுத்து இந்தக் கேள்வியை அடக்கலாம். அப்போது பைண்டர் முதலில் கண்டதை எடுத்துக்கொள்ளும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மாட்யூல் பட்டியலின் வரிசையை யாரோ மாற்றினால் ரவுண்டிங் மாறும், பில் தொகை மாறும். எக்ஸ்போர்ட்டை எடுங்கள், அல்லது இரண்டும் உண்மையில் ஒன்றேயானால் பொதுவான ஒரு மாட்யூலில் ஒரே ஒருமுறை எழுதுங்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆர்பிஜி தன் சோர்ஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. எப்படி எழுதினாலும் வெளியே நீட்டும்போது எல்லாம் பெரிய எழுத்தாகிவிடும். ஆனால் எக்ஸ்ட்ப்ராக் என்று போட்டு மேற்கோள் குறிக்குள் பெயர் கொடுத்தால் அல்லது டிசிஎல்கேஸ் என்று சொன்னால், எழுதியபடியே போகும். பைண்டர் எழுத்துக்கு எழுத்து பார்க்கிறது. ஒரு பக்கம் டிசிஎல்கேஸ், மறுபக்கம் இல்லை என்றால் எக்ஸ்போர்ட் போட்டும் சிபிடி5டி02 வரும். மெசேஜில் காட்டுகிற பெயரின் எழுத்து வடிவத்தை உற்றுப் பாருங்கள், விடை அங்கேயே இருக்கும். பைண்டர் சோர்ஸில் (சர்வீஸ் புரோகிராம் வெளியே காட்டும் பெயர்களின் பட்டியல்) பெயரை மேற்கோள் குறியின்றி எழுதினால் அதுவும் பெரிய எழுத்தாக்கிவிடும், அதையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

சிபிடி5டி02 வர இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. கூப்பிட நினைத்தது தனிப் புரோகிராம், ஆனால் ப்ரோட்டோடைப்பில் எக்ஸ்ட்பிஜிஎம் போட மறந்துவிட்டீர்கள். அது இல்லாவிட்டால் கம்பைலர் அதைப் பைண்ட் செய்ய வேண்டிய புரொசீஜர் என்றே எடுத்துக்கொள்ளும். எக்ஸ்ட்பிஜிஎம் இருந்தால் பைண்டருக்கு வேலையே இல்லை, ஓடும்போது லைப்ரரி லிஸ்ட்டில் தேடிக்கொள்ளும்.

பைண்டர் எந்த வரிசையில் தேடுகிறது? நீங்கள் பெயர் சொல்லிக் கொடுத்த மாட்யூல்கள் முதலில், பிறகு பெயர் சொல்லிக் கொடுத்த சர்வீஸ் புரோகிராம்கள், பிறகு பைண்டிங் டைரக்டரி (தேட வேண்டிய மாட்யூல்கள், சர்வீஸ் புரோகிராம்களின் பட்டியல்). பெயர் சொன்ன மாட்யூல் தேவைப்பட்டாலும் படாவிட்டாலும் உள்ளே படியெடுக்கப்படும். டைரக்டரியில் இருப்பது, தீராத பெயர் ஒன்றைத் தீர்த்தால் மட்டும் எடுக்கப்படும். மாட்யூல் படியெடுக்கப்படுவதால், வரி மாட்யூலைத் திருத்தி கம்பைல் செய்தால் மட்டும் பழைய புரோகிராம் மாறாது. அப்டேட் புரோகிராம் கட்டளையால் அந்த மாட்யூலை மாற்ற வேண்டும், அல்லது புரோகிராமைத் திரும்ப உருவாக்க வேண்டும். கிரியேட் பவுண்ட் ஆர்பிஜி என்ற ஒரே கட்டளையில் கம்பைலும் பைண்டும் நடப்பதால், இந்த இரண்டு கட்டங்கள் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அதில் டிஃபால்ட் ஆக்டிவேஷன் குரூப் (ஆக்டிவேஷன் குரூப் என்பது புரோகிராம் ஓடும் நினைவகப் பகுதி) பாராமீட்டர் யெஸ் என்று இருந்தால் வெளி மாட்யூலுக்கான பைண்டு அழைப்பு அனுமதியில்லை. நோ என்று மாற்றுங்கள்.

மூன்றாவது வட்டம் சர்வீஸ் புரோகிராம். புரோகிராம் ஒன்றுக்குள் எத்தனை எக்ஸ்போர்ட் இருந்தாலும் வெளியிலிருந்து நுழைய அதன் என்ட்ரி ஒன்றுதான் வழி. உள்ளே உள்ள கெட்ரேட்டை இன்னொரு புரோகிராம் கூப்பிட வேண்டுமானால் வரி மாட்யூலை சர்வீஸ் புரோகிராமாக்க வேண்டும். இங்கே எக்ஸ்போர்ட் என்ற சொல்லுக்கு இரண்டு வாசல்கள் இருப்பதைக் கவனியுங்கள். சோர்ஸில் போடும் எக்ஸ்போர்ட், மாட்யூலின் கதவைத் திறக்கிறது. பைண்டர் சோர்ஸில் எழுதும் எக்ஸ்போர்ட் வரி, காம்பவுண்ட் கேட்டைத் திறக்கிறது. முதல் கதவு மட்டும் திறந்திருந்தால், அதே சர்வீஸ் புரோகிராமில் உள்ள மற்ற மாட்யூல்கள் அந்தப் புரொசீஜரைக் கூப்பிடலாம், வெளியே இருப்பவர்கள் கூப்பிட முடியாது. எனக்கு இந்த நடு வட்டம் மிகவும் பிடிக்கும். உதவிப் புரொசீஜர்களை மாட்யூல்களுக்குள் பகிர்ந்துகொண்டே, உலகத்துக்கு வாக்குக் கொடுக்காமல் இருக்கலாம். வெளியே தெரியாததை நாளைக்கு மாற்றலாம், பெயரை எடுக்கலாம், பாராமீட்டர் சேர்க்கலாம். கேட்பார் இல்லை.

சர்வீஸ் புரோகிராம் உருவாக்கும்போது எக்ஸ்போர்ட் பாராமீட்டரில் ஆல் என்று கொடுத்தால் இந்த வசதி போய்விடும். எல்லாக் கதவும் தெருவைப் பார்த்துத் திறந்துவிடும். அதோடு, புதிதாக ஒரு புரொசீஜர் சேர்த்தாலே சிக்னேச்சர் மாறும், பழைய சிக்னேச்சரை வைத்திருக்க வழியில்லை. ஏற்கெனவே பைண்ட் ஆன புரோகிராம்கள் அத்தனையும் எம்சிஎச்4431 என்று விழும். பைண்டர் சோர்ஸ் எழுதினால் இப்போதைய பட்டியல் ஒரு பகுதி, முந்தைய பட்டியல் இன்னொரு பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். பழைய புரோகிராம்கள் பழைய சிக்னேச்சரோடு ஓடிக்கொண்டே இருக்கும்.

பட்டியலில் புதியதை எப்போதும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். சர்வீஸ் புரோகிராமோடு பைண்ட் ஆனபின் அழைப்பு நடப்பது பெயரால் அல்ல, பட்டியலில் எத்தனையாவது என்ற எண்ணால். நான் முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் சிக்னேச்சரைக் கையால் ஒரே சொல்லாக எழுதி வைத்திருந்தோம், மாறவே மாறாது. ஒருவர் பட்டியலை அகர வரிசையில் அழகாக இருக்கட்டும் என்று புதிய புரொசீஜரை நடுவில் செருகினார். சிக்னேச்சர் அதே, அதனால் எந்தப் பிழையும் வரவில்லை. அதற்குக் கீழே இருந்த ஒவ்வொன்றும் ஓர் இடம் தள்ளிப் போனது. தள்ளுபடியைக் கேட்ட புரோகிராம்களுக்கு வரி விகிதம் கிடைத்தது. பாராமீட்டர்கள் ஒரே மாதிரி இருந்ததால் எதுவும் முறியவில்லை, தொகைகள் மட்டும் தவறின. அன்று இரவு முழுக்க விழித்திருந்து கண்டுபிடித்தோம். கையால் எழுதும் சிக்னேச்சர் தவறில்லை, பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதை வைத்தால், கடைசியில் மட்டும் சேர்ப்போம் என்ற ஒழுக்கத்தை மனிதர்கள்தான் காக்க வேண்டும், சிஸ்டம் காக்காது.

வரி மாட்யூலுக்கு கன்ட்ரோல் வரியில் நோமெய்ன் (மெயின் பகுதி இல்லை என்ற குறிப்பு) போட்டிருக்கிறீர்களா? போடவில்லை என்றால் அது சைக்கிள் மெயின் (ஆர்பிஜியின் தானியங்கிச் சுழற்சியில் ஓடும் மெயின் பகுதி) உள்ள மாட்யூல். அதன் மெயின் புரொசீஜர், நீங்கள் கேட்காமலேயே எக்ஸ்போர்ட் ஆகிவிடும். பகிர்வதற்காக எழுதும் மாட்யூலில் அது தேவையற்ற சுமை. நோமெய்ன் போட்டால் கிரியேட் ஆர்பிஜி மாட்யூல் கட்டளையால்தான் கம்பைல் செய்ய முடியும், கிரியேட் பவுண்ட் ஆர்பிஜி ஏற்காது.

ஸ்டேட்டிக் மாறி பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பெயர் தெரிவதும் நினைவகம் பகிரப்படுவதும் ஒன்றல்ல. சர்வீஸ் புரோகிராமை காலர் என்ற ஆக்டிவேஷன் குரூப் அமைப்போடு உருவாக்கி, இரண்டு வேறு ஆக்டிவேஷன் குரூப்பில் ஓடும் புரோகிராம்கள் கூப்பிட்டால், அதன் பொது மாறிகளுக்கு இரண்டு பிரதிகள் இருக்கும். ஒரு பக்கம் சேமித்த வரி விகிதம் மறுபக்கம் தெரியாது. இதை எக்ஸ்போர்ட் பிரச்சினை என்று நினைத்து மாட்யூலைத் தோண்ட வேண்டாம்.

உங்கள் வேலைக்கு வருவோம். டிஸ்ப்ளே மாட்யூல் கட்டளையை வரி மாட்யூல்மேல் ஓட்டி, டீட்டெயிலில் எக்ஸ்போர்ட் என்று கேளுங்கள். வரும் பட்டியலில் ஒவ்வொரு பெயரையும் பார்த்து, "இந்த மாட்யூலுக்கு வெளியே இதை இப்போது யாராவது கூப்பிடுகிறார்களா?" என்று கேளுங்கள். பில் மாட்யூல்மேல் அதே கட்டளையை இம்போர்ட் என்று ஓட்டினால், அது வெளியிலிருந்து எதிர்பார்க்கும் பெயர்கள் வரும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருக்கப் போவது கெட்ரேட் ஒன்றுதான். அதற்கு மட்டும் எக்ஸ்போர்ட்டை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றிலிருந்தும் எடுங்கள். கெட்ரேட்டின் காப்பி மெம்பரை வரி மாட்யூலிலும் சேர்த்து இரண்டையும் திரும்ப கம்பைல் செய்யுங்கள். கிரியேட் புரோகிராம் கட்டளையில் டீட்டெயில் ஃபுல் என்று கொடுத்தால் பைண்டர் லிஸ்டிங்கில் எந்தப் பெயர் எந்த மாட்யூலில் தீர்ந்தது என்று வரி வரியாக வரும். இரண்டு ரவுண்ட்அமவுண்டும் அந்த லிஸ்டிங்கில் இருக்கக் கூடாது. அதில் இன்னும் ஒன்று தென்பட்டால், எக்ஸ்போர்ட் எடுத்த மாட்யூல் ஒன்றைத் திரும்ப கம்பைல் செய்யாமல் விட்டிருக்கிறீர்கள்.